வெள்ளையடித்த சுவரும் மூன்றாவது படியும்

கிடங்கு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். கடிதத்தின் தலைப்பிலேயே 'எர்கனாமிக்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அந்தச் சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டபோது எனக்குத் தலை பாதி நரைத்திருந்தது. அப்படியென்றால் என்ன என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். வேலைக்காக ஆளை வளைக்காமல், ஆளுக்குத் தக்கபடி வேலையை வளைப்பது என்றார். அட, இதற்கா இவ்வளவு பெரிய பெயர் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நொடி ஏற்காட்டில் ஒரு சுவர் கண்முன் வந்து நின்றது. அதன் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

மூட்டையை எப்படித் தூக்க வேண்டும், முழங்காலை எப்படி மடக்க வேண்டும் என்பதையெல்லாம் உங்கள் கிடங்கில் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. நான் செய்த ஒரு தவறை மட்டும் சொல்கிறேன். அதில் ஒரு நல்ல மனிதரின் முதுகு போயிற்று.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்துநான்கு வயது. எங்களுடையது சேலத்தில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பம். கடையில் உட்கார எனக்குப் பொறுமை இல்லை என்று அத்தா, அதாவது என் அப்பா, கண்டுபிடித்து, ஏற்காட்டில் ஒரு கம்பெனியின் கிடங்குக்கு என்னைப் பொறுப்பாளராக அனுப்பி வைத்தார். மாரமங்கலம், கொட்டச்சேடு பக்கத்திலிருந்து காப்பியும் மிளகும் மூட்டை மூட்டையாக வந்து சேரும். அவை லாரியில் சேலத்துக்கு இறங்கும். அதே லாரியில் மேலே வரும் அரிசியும் பருப்பும் எஸ்டேட்டுகளுக்கு ஜீப்பில் போகும். ஏற்ற இறக்க மேஸ்திரியையும் சேர்த்து ஆறு சுமைக்காரர்கள் இருந்தார்கள். என்னை எல்லாரும் 'பாய்' என்று கூப்பிட்டார்கள்.

அந்தக் கிடங்கை இப்போது நினைத்தால் முதலில் வருவது பனிமூட்டம்தான். கார்த்திகை மாதத்தில் அது வாசல் வழியாக உள்ளே வந்து மூட்டைகளுக்கு நடுவே நிற்கும். நான் மேசையில் உட்கார்ந்திருப்பேன். எதிரே சாக்கு மூட்டை ஒன்று தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் தானாக மிதந்து போகும். கொஞ்சம் கழித்துத்தான் அதற்குக் கீழே இரண்டு கால்கள் தெரியும். பிறகு அவையும் மறைந்துவிடும். ஈரச் சாக்கும் காப்பிப் புழுதியும் கலந்த வாசனை. அப்படியே கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். மூட்டை சுமப்பது அவ்வளவு அழகான வேலை என்று உண்மையாகவே நம்பியிருந்தேன். சுமக்காதவனுக்கு அப்படித்தான் தெரியும்.

கிடங்கு ரோட்டைவிட உயரத்தில் இருந்தது. வாசலிலிருந்து ஐந்து கல்படிகள் இறங்கினால் லாரி நிற்கும் இடம். அதற்கு மேலே லாரி வர வழியில்லை. படிகளின் இடப்பக்கம் கிடங்கின் நீட்டுச் சுவர் கூடவே இறங்கும். ஒவ்வொரு மூட்டையும் ஒருவரின் பிடரியில் ஏறி, அந்த ஐந்து படிகளைக் கடந்துதான் லாரிக்குப் போயாக வேண்டும்.

ஆறு பேரில் சடையன் என்பவர் மஞ்சக்குட்டையிலிருந்து ஜீப்பில் வருவார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். குள்ளமான, அகன்ற உடம்பு. சொந்தமாகக் கொஞ்சம் காடு இருந்தது. சாமையும் ராகியும் போட்டிருந்தார், ஓரத்தில் நாலு வரிசை காப்பிச்செடி. காட்டில் வேலை இல்லாத நாட்களில் மூட்டை. முதுகில் சுமையோடு படி இறங்கும்போதுகூட யாரையாவது கிண்டல் செய்துகொண்டேதான் இறங்குவார். அவர் வராத நாளில் கிடங்கு சப்பென்று இருக்கும்.

ஒருநாள் சேலம் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. சுமைக்காரர்களுக்கு உடம்புத் தொந்தரவு ஏதாவது உண்டா என்று விசாரித்து எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் ஆறு பேரையும் வரிசையாக நிற்க வைத்துக் கேட்டேன்.

"இடுப்பு வலி, முதுகு வலி ஏதாச்சும் இருக்குதா?"

"ஒண்ணுமில்லீங்க பாய்."

"முட்டி?"

"ஒண்ணுமில்லீங்க."

சடையன் சிரித்தேவிட்டார். "நமக்கென்னுங்க வலி? நொம்ப நல்லாத்தான் இருக்கறோம்ங்க. உக்காந்தே இருக்கறீங்க, உங்களுக்குத்தான் வலிக்கோணும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். 'தொந்தரவு எதுவும் இல்லை' என்று என் அழகான கையெழுத்தில் எழுதி அனுப்பினேன். கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று, எழுத வேண்டியதை எழுதியாயிற்று என்று நிம்மதியாக இருந்தது.

கிடங்கின் மூலையில் காப்பிக்கொட்டை பொறுக்க ஓர் அக்கா வந்துகொண்டிருந்தார். கருத்த கொட்டையையும் கல்லையும் பொறுக்கித் தள்ளுகிற வேலை. தன் பெயர் எதிலும் வரக்கூடாது என்று பின்னாளில் என்னிடம் சொல்லியிருப்பதால் அக்கா என்றே எழுதுகிறேன். இந்தத் தொழிலில் எனக்குக் குரு என்று ஒருவர் உண்டென்றால் அவர்தான். வயதில் என்னைவிட இரண்டே வருடம் மூத்தவர். அன்று முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"ஏனுங்க பாய், கேட்டா சொல்லுவாங்களாக்கும்?"

"கேக்காம எப்படிங்கக்கா தெரிஞ்சுக்கறது?"

"அந்தப் படியோரச் செவுத்தப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். சுவரெல்லாம் அழுக்கு. வியர்வையும் காப்பிப் புழுதியும் படிந்த கை அச்சுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. மேல் படியில் கொஞ்சம். மூன்றாவது படிக்கு நேராகத்தான் அப்பிக் கிடந்தது. உள்ளே மூட்டைகளை அடுக்கி வைத்த அட்டிகளுக்குப் பக்கத்திலும் தரையிலிருந்து இரண்டு சாண் உயரத்தில் அதே மாதிரி. எனக்குப் பகீரென்றது. ஏனென்றால் அடுத்த வாரம் முதலாளி வருவதாக இருந்தார்.

அக்கா சொன்னதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் பாருங்கள். சுவர் அசிங்கமாக இருக்கிறது, கவனியுங்கள் என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சுண்ணாம்பு வாங்கி வரச் செய்து, மறுநாளே ஆள் விட்டு உள்ளும் புறமும் வெள்ளையடிக்க ஏற்பாடு செய்தேன். அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"இந்த ஈரக்காத்துல சுண்ணாம்பு காயாதுங்க பாய். பத்து நாள் பொறுக்கலாமுங்க."

"மொதலாளி பத்து நாள் பொறுக்க மாட்டாருங்கக்கா."

அவர் திரும்பவும் முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். அந்த ஊரில் ஒரு விஷயத்தை ஒரு தரம்தான் சொல்வார்கள். இரண்டாம் தரம் சொன்னால் கேட்பவரை மட்டம் தட்டுவதாகிவிடும்.

வெள்ளையடித்த மூன்றாம் நாள் சாயங்காலம் லாரி நின்றிருந்தது. டிரைவருக்கு அவசரம். மூட்டம் அடர்ந்துவிட்டால் வளைவுகளில் இறங்குவது சிரமம் என்று ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். பாதிக்கு மேல் ஏற்றியாகிவிட்டது. நான் வாசலில் நின்று மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் சுவர் புத்தம் புதிதாக, பால் வெள்ளையாக இருந்தது. பனிமூட்டமும் வெள்ளை. எது சுவர், எது மூட்டம் என்று சொல்ல முடியவில்லை. அந்த நேரத்து அமைதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

சடையன் மிளகு மூட்டையோடு என்னைக் கடந்து போனார். ஏதோ கிண்டலாகச் சொன்னார், என்ன என்று நினைவில்லை. முதல் படி, இரண்டாவது படி. மூன்றாவதில் அவர் இடது கை தன் போக்கில் சுவருக்குப் போயிற்று. எப்போதும் போகிற கை. ஈரச் சுண்ணாம்பில் கை நிற்கவில்லை. சர்ரென்று ஒரு சத்தம். பிறகு மூட்டை விழுந்த சத்தம். மூட்டம் விலகியபோது அவர் கீழ்ப்படியில் மல்லாந்து கிடந்தார். சுவரில் அவர் ஐந்து விரலும் இழுபட்ட கோடு, மேலிருந்து கீழ் வரைக்கும்.

எல்லாரும் ஓடி வந்தார்கள். மேஸ்திரி குனிந்து, "தூக்கி நிறுத்துங்கப்பா, நாலு எட்டு நடந்தாச் செரியாப் போயிரும்" என்றார். இன்னொருவர் காலைப் பிடித்து ஒரு உருவு உருவிவிடத் தயாரானார். டிரைவர் ஹாரன் அடித்தார். எனக்கு மருத்துவம் ஒன்றும் தெரியாது. ஆனால் சடையன் சிரிக்கவில்லை. அது மட்டும் தெரிந்தது.

"யாரும் தொடாதீங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "சடையண்ணா, கால் வெரலை ஆட்டுங்க பார்க்கலாம்."

வலது கால் விரல்கள் அசைந்தன. இடது காலில் பெருவிரல் மட்டும் லேசாக.

"பலகையக் கழட்டுங்க பாய், பலகைய!" என்று அக்கா உள்ளிருந்து சத்தம் போட்டார். எங்கள் கிடங்கு வாசலில் கடைகளில் இருக்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கழற்றிச் செருகுகிற பலகைக் கதவு. இரண்டு பலகைகளைக் கழற்றிச் சேர்த்துக் கட்டி, அவரை வளைக்காமல் நகர்த்தி அதன்மேல் வைத்தோம். ஜீப்பில் பலகை அடங்காது. லாரிதான் வழி. ஏற்றியிருந்த மூட்டைகளைச் சமமாகத் தட்டிவிட்டு அதன்மேல் கிடத்தினோம். மிச்ச மூட்டைகளை ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆபீசுக்கு யார் பதில் சொல்வது என்று டிரைவர் கேட்டார். நான்தான், ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டுங்கள் என்றேன். அவர் முணுமுணுத்தாலும் அப்படியே ஓட்டினார், அது அவர் பெருமை.

ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு சேலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். நான் பின்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மூட்டத்துக்குள் லாரி இறங்கிக்கொண்டே இருந்தது. மரங்கள் வந்து வந்து போயின. எங்கேயும் போகாமல் ஒரே இடத்தில் தொங்கிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. காப்பி மூட்டையின் வாசனை, அவர் வியர்வையின் வாசனை. நான் திரும்பத் திரும்பக் கேட்டேன், "வலிக்குதாண்ணா?"

"ஒண்ணுமில்லீங்க பாய்."

ஆனால் ஒவ்வொரு வளைவிலும் என் கையை எலும்பு நொறுங்கிவிடும்போல இறுக்கினார். வாய் ஒன்று சொல்லிற்று, கை வேறொன்று சொல்லிற்று. ஏழெட்டு வளைவுகள் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அக்கா காட்டிய சுவரில் ஆறு பேரும் வருடக்கணக்காக இதைத்தான் எழுதி வைத்திருந்தார்கள். நான் அதன்மேல் வெள்ளையடித்துவிட்டேன். கீழே சேலத்து விளக்குகள் தெரிய ஆரம்பித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். அவரும் பார்த்தார், பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இனி மூட்டை சுமக்கக் கூடாது, குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாசி முடிகிறபோது மஞ்சக்குட்டைக்கு அவரைப் பார்க்கப் போனேன். முதல் மழை விழுந்து காப்பி பூத்திருந்தது. வழி நெடுக வெள்ளைப் பூ, மல்லிகைபோல வாசனை. அந்த வாசனையில் தலை கிறுகிறுத்துப்போய், எதற்காகப் போகிறேன் என்பதையே கொஞ்ச தூரம் மறந்துவிட்டேன். சடையன் வாசலில் முதுகு நேராக உட்கார்ந்திருந்தார். எதிரே அவர் காட்டை அவர் தம்பி கொத்திக்கொண்டிருந்தார்.

"வாங்க பாய். நம்ம ஊட்டுக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதுங்களா?"

இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்க வாய் எடுத்தேன். பதில் எனக்கே தெரியும் என்பதால் நிறுத்திக்கொண்டேன். வேறு மாதிரி கேட்டேன்.

"அண்ணா, மூட்டையோட எறங்கறப்ப உங்க கை எங்கெல்லாம் போகும்?"

அவர் தன் இடது கையை நீட்டிப் பார்த்தார். பிறகு மடை திறந்துவிட்டது. மூன்றாவது படி மற்றதைவிட நாலு விரல் ஆழம் என்றார். ஒவ்வொரு முறையும் அங்கே இடுப்பு 'சுரீர்' என்று பிடிக்கும், ஆறு பேருக்கும். அடி மூட்டையைத் தரையிலிருந்து எடுக்கிறபோது சுவரை ஊன்றாமல் யாராலும் எழ முடியாது. ஒருவருக்குக் கை மரத்துப்போகிறது, மேஸ்திரியே ராத்திரியில் புரண்டு படுக்க முடியாமல் கிடக்கிறார். கையை வைத்து வைத்துக் காட்டிச் சொன்னார்.

"இத்தனையும் அன்னிக்கே சொல்லியிருக்கலாமேண்ணா."

"வலிக்குதான்னு கேட்டீங்க. வலிக்குதுன்னு ஒருத்தன் சொன்னா அவன் மூட்டையவும் மத்த அஞ்சு பேர்தானுங்க சொமக்கோணும்? அதை எப்படிங்க சொல்றது? கை எங்க போவுதுன்னு நீங்க கேக்கவேயில்லீங்களே. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பமுங்க."

அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திரும்பி வந்ததும் ஆபீசுக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். முன்பு எழுதியது தவறு, எல்லாருக்கும் தொந்தரவு இருக்கிறது, சடையன் விழுந்ததற்கு நான் அடித்த வெள்ளையும் காரணம் என்று உள்ளதை எழுதினேன். படியைச் சரிசெய்ய வேண்டும், சடையனைச் சுமை இல்லாத வேலைக்கு எடுக்க வேண்டும் என்றும் கேட்டேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். படிக்கு மட்டும் அனுமதி வந்தது. சடையனைப் பற்றிப் பதிலே இல்லை. வேண்டாம் என்று எழுதவில்லையே என்று வைத்துக்கொண்டு அவரை வரச் சொல்லிவிட்டேன். சில கடிதங்களுக்குப் பதில் வராதது நல்லது.

ஆபீசிலிருந்து வந்த மேற்பார்வையாளர் சுவரில் பிடிமரம் வைக்கத் தன் இடுப்பு உயரத்தை அளந்து கோடு போட்டார். நானும் அவரைப் போல நெட்டை. விட்டிருந்தால் நானும் அங்கேயேதான் போட்டிருப்பேன். சடையன் கரித்துண்டோடு படியோரம் நின்று, சுமையோடு இறங்குகிற ஒவ்வொருவர் கையும் எங்கே தேடிப் போகிறது என்று பார்த்துக் கோடு இழுத்தார். மேற்பார்வையாளர் போட்ட கோட்டைவிட அது ஒரு சாண் கீழே இருந்தது. அங்கேதான் மரம் வைத்தோம். மூன்றாவது படியை மேஸ்திரி நின்று சமப்படுத்தினார். அட்டிகளுக்கு அடியில் சில்வர் ஓக் கட்டைகளைப் போட்டு இடுப்பளவு உயர்த்தினோம். அதற்குப் பிறகு யாரும் அடி மூட்டைக்குக் குனியவில்லை, முதுகைக் காட்டி நின்றால் மூட்டை தோளுக்கு வந்தது. எஸ்டேட்டுகளுக்கு அரிசி கொண்டுபோகிற ஜீப்பிலும் சடையன் ஏறிப் போய், எந்த எஸ்டேட்டில் எந்தத் திண்டு உயரம், எங்கே கை ஊன்ற இடமில்லை என்று வந்து சொல்வார். வலிக்கிறதா என்று அவர் யாரையும் கேட்டதில்லை. சும்மா நின்று பார்ப்பார்.

பன்னிரண்டு வருடம் அங்கே அட்டிப் பொறுப்பில் இருந்தார். அவர் இருந்தவரை அந்தக் கிடங்கில் யாரும் விழவில்லை. இதைச் சொல்லி நான் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் அவர் திரும்ப ஒருமுறைகூடத் தன் காட்டில் குனிந்து ஒரு களை பிடுங்கவில்லை. தம்பி கொத்துவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை நான் எதைக் கொண்டும் சரிசெய்ய முடியவில்லை.

அந்தப் படியோரச் சுவரை நான் இருந்தவரை வெள்ளையடிக்க விடவில்லை. முதலாளிக்குக் கோபம்தான், நான் அசையவில்லை. இப்போதும் சில அதிகாலைகளில் அந்தச் சுவர் கனவில் வருகிறது. மூட்டத்துக்குள்ளிருந்து கைகள் மட்டும் வந்து அதில் ஊன்றிவிட்டுப் போகும். ஆள் தெரியாது. யார் யார் என்று எனக்குக் கையை வைத்தே தெரியும்.

கடைசியாக ஒன்று. போன வாரம் உங்கள் புதுக் கிடங்கைச் சுற்றிக் காட்டினீர்கள். மேல்தளத்துக்கு ஏறும்போது, கையில் படிவம் வைத்திருந்த தங்கை ஒருத்தி அக்கறையாகக் கேட்டாள், "முட்டி வலி ஏதாச்சும் இருக்குங்களா சார்?"

"ஒண்ணுமில்லைம்மா" என்றேன். அவள் நிம்மதியாகப் படிவத்தில் ஒரு டிக் போட்டுக்கொண்டாள்.

படிவம் வைத்திருந்த அம்மா, நீயும் இதைப் படிப்பாய் என்று நினைக்கிறேன். அந்தப் படிக்கட்டின் வெள்ளைச் சுவரில் ஒரு கை அச்சு இருக்கும். என்னுடையதுதான். துடைக்கச் சொல்லுவதற்கு முன்னால் அது எந்தப் படிக்கு நேராக இருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பார்.